பேசோர் ஆற்றங்கரையில் தங்கியவர்கள்



இந்த வாரத் தியானத்தை ஒரு கால்பந்தாட்டத்திலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அந்த விளையாட்டை அறிந்தவன் அல்லன். ஆஃப்சைடு என்றால் என்னவென்று மூன்று முறை விளக்கிச் சொல்லியும் எனக்கு இன்னும் முழுவதும் விளங்கவில்லை. விளக்கியவர் நம் சபையின் வாலிபர் ஒருவர். மாலைதோறும் நம் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் பழக்குகிறவர். அவர் யாரென்று உங்களில் பலருக்குத் தெரியும். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. என்மேல் மனத்தாங்கல் கொள்ள அவருக்குத் தக்க காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

2025 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் அவர் குருமனைக்கு வந்து, தம் கைப்பேசியை என் முன் வைத்தார். "ஐயா, சூடான் நைஜீரியாவை நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றுவிட்டது" என்றார். அதில் என்ன அதிசயம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார். சொல்லி முடித்தபோது என் தேநீர் ஆறிப்போயிருந்தது.

அவர் சொன்னதையும், அதன்பின் நானே தேடிப் படித்ததையும் சேர்த்து உங்களுக்குத் தருகிறேன்.

ஆப்பிரிக்கக் கண்டத்தில் தேசிய அணிகளுக்கு 2025இல் இரண்டு பெரிய போட்டிகள் இருந்தன. முதலாவது, ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை. 1957 முதல் நடைபெற்று வருவது. உலகம் முழுவதும் பார்ப்பது. அதில் ஆடும் பெரும்பாலான அணிகளில் ஐரோப்பாவின் கிளப்புகளில் விளையாடுகிறவர்களே நிறைந்திருப்பார்கள். இலண்டனிலும் பாரிசிலும் மிலானிலும் வாழ்ந்து, ஆட்டத்திற்காகத் தாய்நாட்டின் சட்டையை அணிந்துகொள்ளும் வீரர்கள் அவர்கள். இதில் தவறொன்றும் இல்லை. 2022 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை சென்று ஆப்பிரிக்காவைத் தலைநிமிரச் செய்த மொராக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள்.

ஆனால் இதனால் ஒன்று நேர்ந்தது. சொந்த ஊரின் செம்மண் மைதானத்தில் ஆடி, சொந்த நாட்டின் லீக்கிலேயே தங்கிவிட்ட வீரன் எவ்வளவு திறமை உடையவனாயினும், தேசியச் சட்டை அவனுக்கு எட்டாக் கனியாயிற்று. அவனுக்காகவே இரண்டாவது போட்டி 2009இல் ஏற்படுத்தப்பட்டது. ஆப்பிரிக்க நாடுகள் சாம்பியன்ஷிப் என்பது அதன் பெயர். சுருக்கமாக 'சான்' என்பார்கள். அதன் விதி ஒன்றே ஒன்றுதான்: தன் சொந்த நாட்டு லீக்கில் விளையாடுகிறவன் மட்டுமே அதில் ஆடலாம். ஐரோப்பாவுக்குப் போனவன் மட்டுமல்ல, பக்கத்து ஆப்பிரிக்க நாட்டின் கிளப்புக்குப் போனவனும் ஆட முடியாது. ஐவரி கோஸ்டில் எட்டு அணிகளோடு நடந்த முதல் போட்டியில் கொங்கோ ஜனநாயகக் குடியரசு வென்றது. 2025இல் கென்யா, தான்சானியா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்தியபோது பத்தொன்பது அணிகள் பங்குபெற்றன.

இப்போட்டியை ஆப்பிரிக்காவிலேயே பலர் 'இரண்டாம் அணிகளின் போட்டி' என்று சற்று ஏளனமாகப் பேசுவதுண்டாம். பரிசுத்தொகையும் அப்படியே பேசுகிறது. 2024ஆம் ஆண்டின் முற்பகுதியில் நடந்த ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையை வென்ற நாட்டுக்கு 70 இலட்சம் அமெரிக்க டாலர். 2025இல் சான் போட்டியை வென்ற நாட்டுக்கு, அதுவும் தொகையை உயர்த்திக் கொடுத்த பிறகு, 35 இலட்சம். சரி பாதி. போனவனுக்கு ஒன்று, இருந்தவனுக்கு அரை என்று யாரும் திட்டமிட்டுக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். விளம்பரமும் தொலைக்காட்சியும் வணிகமும் போட்ட கணக்கு அது. ஆயினும் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு வேறொரு பங்கீடு நினைவுக்கு வந்தது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2018இல் மொராக்கோவில் நடந்த சான் போட்டியில் அயூப் எல் காபி என்ற இளைஞர் ஒன்பது கோல் அடித்துத் தம் நாட்டுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அதே ஆண்டில் சீன தேசத்துக் கிளப் ஒன்று அவரை அழைத்துக்கொண்டது. பின்பு துருக்கி, அதன்பின் கிரேக்க தேசம். உள்ளூரில் இருப்பவனுக்கு மிகச் சிறந்த பரிசு வெளியூருக்கு அனுப்பப்படுவதே. போன நாள்முதல் அந்தப் போட்டியில் அவனுக்கு இடமில்லை. மைதானத்தில் இறங்கும் ஒவ்வொரு வாலிபனும் கூட்டத்தின் நடுவே வெளிநாட்டுத் தேர்வாளர் எவராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் ஆடுவான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தானே படிக்கிறார்கள்?

இனி சூடானுக்கு வருகிறேன்.

ஆப்பிரிக்கக் கால்பந்தின் தாய்வீடுகளில் ஒன்று சூடான். 1957 பிப்ரவரியில் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு பிறந்தது அதன் தலைநகரான கார்டூமில்தான். முதல் ஆப்பிரிக்கக் கோப்பை நடந்ததும் அங்கேதான். எகிப்து, எத்தியோப்பியா, சூடான் ஆகிய மூன்று நாடுகளே அன்று ஆடின. நான்காவதாக வரவேண்டிய தென்னாப்பிரிக்கா, வெள்ளையரும் கறுப்பரும் கலந்த அணியை அனுப்ப மறுத்ததால் விலக்கப்பட்டது. 1970இல் அதே கார்டூமில் கானாவை ஒரு கோல் வித்தியாசத்தில் வென்று சூடான் கோப்பையைக் கைப்பற்றியது. அதன்பின் நெடுங்காலம் வறட்சி. 2012இல் ஆப்பிரிக்கக் கோப்பைக்கு வந்த சூடான் அணி உள்நாட்டு லீக்கில் ஆடியவர்களைக் கொண்டது. மற்ற நாடுகள் ஐரோப்பாவிலிருந்து வீரர்களைத் திரட்டி வந்தபோது, இவர்கள் ஓம்துர்மானின் இரண்டு புகழ்பெற்ற கிளப்புகளான ஹிலாலையும் மெரீக்கையும் மையமாகக் கொண்டு வந்தார்கள். காலிறுதி வரை சென்றார்கள். ஹிலால் என்றால் பிறை. மெரீக் என்றால் செவ்வாய்க் கோள். நைல் நதியின் வெண்கிளையும் நீலக்கிளையும் கூடும் இடத்தில், கார்டூமுக்கு எதிர்க்கரையில் உள்ள நகரம் ஓம்துர்மான். அந்த ஊரில் பிறக்கும் குழந்தை பிறைக்கா செவ்வாய்க்கா என்று குடும்பத்தார் அன்றே முடிவு செய்துவிடுவார்கள் போலும்.

2023 ஏப்ரல் 15 அன்று அந்த நகரங்களில் போர் மூண்டது. அரசின் இராணுவமும், அதனோடு அதிகாரத்தைப் பகிர்ந்திருந்த விரைவு ஆதரவுப் படையும் ஒன்றையொன்று தாக்கின. தெருக்கள் போர்முனைகளாயின. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். உலகில் இன்று இதைவிடப் பெரிய இடப்பெயர்வு இல்லை என்று ஐக்கிய நாடுகள் சபை சொல்லுகிறது. நம் ஜெப வேளைகளில் சூடானை எத்தனை முறை நினைத்தோம் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரே ஒரு முறை, அதுவும் நான்கு தேசங்களோடு சேர்த்துப் பெயர் சொன்னோம். அங்கேயும் சபைகள் உண்டு. அங்கேயும் விசுவாசிகள் ஞாயிறு காலையில் பாட்டுப் பாடுகிறவர்கள்தான்.

போர் வந்ததும் லீக் நின்றுபோயிற்று. இப்போது அந்த விதியை நினைத்துப் பாருங்கள். சொந்த நாட்டு லீக்கில் ஆடுகிறவன் மட்டுமே இந்தப் போட்டியில் ஆடலாம். லீக்கே இல்லாத நாட்டில் யார் உள்நாட்டு வீரன்?

ஹிலால் அணி கண்டத்தின் பெரிய கிளப்புகளுக்கான போட்டியில் தன் 'சொந்த மைதான' ஆட்டங்களை முதலில் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் ஆடியது. மறு பருவத்தில் ஹிலாலும் மெரீக்கும் மௌரிடானியாவின் லீக்கில் விருந்தாளி அணிகளாகச் சேர்ந்தன. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். சூடான் செங்கடலின் ஓரம். மௌரிடானியா அட்லாண்டிக் பெருங்கடலின் ஓரம். கார்டூமுக்கும் மௌரிடானியாவின் தலைநகருக்கும் இடையே சுமார் 5,000 கிலோமீட்டர். வீட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில் ஆடியபோதும் அவை சூடானின் கிளப்புகளாகவே இருந்தன. அவற்றின் வீரர்கள் சூடானின் உள்நாட்டு வீரர்களாகவே எண்ணப்பட்டார்கள். சட்டம் எழுதியவர்கள் இதை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தச் சொல் எவ்வளவு ஆழமாகிவிட்டது பாருங்கள். வீடில்லாதவர்கள் வீட்டு அணியாக நின்றார்கள்.

தேசிய அணியும் அப்படியே அலைந்தது. தன் தகுதிச் சுற்று ஆட்டங்களை அயல்நாடுகளில் 'சொந்த' ஆட்டங்களாக ஆடியது. அவர்களுக்குப் பயிற்சியாளராக வந்தவர் கானா நாட்டவரான குவேசி அப்பியா. 2014 உலகக் கோப்பைக்குக் கானாவை அழைத்துச் சென்றவர். 2024 அக்டோபரில் லிபியாவின் பெங்காசி நகரில் அவருடைய சூடான் அணி அவருடைய கானாவையே இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றது. அடுத்த ஆப்பிரிக்கக் கோப்பைக்குச் சூடான் தகுதி பெற்றது, கானா பெறவில்லை. அந்த இரவில் அப்பியாவின் உள்ளம் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. அது அவருக்கும் தேவனுக்கும் தெரிந்த காரியம்.

சான் போட்டியில் சூடானின் பிரிவு சான்சிபார் தீவில் ஆடியது. முதல் ஆட்டத்தில் கொங்கோ பிராசவில்லுடன் ஒன்றுக்கு ஒன்று. ஆகஸ்ட் 12 அன்று நைஜீரியா. இருபது கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் தேசம், வீரர்களுக்குப் பஞ்சமில்லை. அதைத்தான் சூடான் 4–0 என்று வென்றது. பின்பு, கடந்த முறை கோப்பை வென்ற செனகலுடன் கோல் இல்லாத சமநிலை; பிரிவில் முதலிடம். காலிறுதியில் அல்ஜீரியாவைப் பெனால்டி உதைகளில் வென்றது. அரையிறுதியில் மடகாஸ்கரிடம் கூடுதல் நேரத்தில் விழுந்த ஒரே கோலால் தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மறுபடியும் செனகல், மறுபடியும் சமநிலை. பெனால்டி உதைகளில் தோல்வி. நான்காம் இடம். பதக்கம் இல்லை.

ஆதலால் இதை வெற்றிச் சாட்சியாக நான் எழுதவில்லை. துன்பப்பட்டவன் கடைசியில் கோப்பையைத் தூக்கினான் என்று முடியும் கதைகளை நாம் பிரசங்கங்களில் அதிகமாகவே சொல்லிவிட்டோம், நானும் சொல்லியிருக்கிறேன். இது அப்படி முடியவில்லை.

எனக்கு நினைவுக்கு வந்த பங்கீடு 1 சாமுவேல் 30ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வேதத்தைத் திறந்து அந்த அதிகாரம் முழுவதையும் இந்த வாரம் ஒரு முறை வாசியுங்கள். தாவீதும் அவனுடைய மனிதர் அறுநூறு பேரும் சிக்லாகுக்குத் திரும்பி வருகிறார்கள். பட்டணம் தீயால் வெந்து கிடக்கிறது. மனைவிமாரும் பிள்ளைகளும் சிறையாகக் கொண்டுபோகப்பட்டிருக்கிறார்கள். அழுவதற்குப் பெலனில்லாமற்போகுமட்டும் அழுகிறார்கள். கார்டூமிலிருந்து வந்த செய்திப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அதிகாரத்தின் தொடக்கம் பழங்கதையாகத் தோன்றாது.

பின்பு அமலேக்கியரைத் துரத்திப் புறப்படுகிறார்கள். பேசோர் ஆற்றண்டைக்கு வந்தபோது இருநூறு பேர் விடாய்த்துப்போய் அக்கரைப்பட முடியாமல் நின்றுவிடுகிறார்கள். நானூறு பேர் தொடருகிறார்கள், வெல்லுகிறார்கள், எல்லாவற்றையும் மீட்டுத் திரும்புகிறார்கள். அப்பொழுது போனவர்களில் சிலர் முறையிடுகிறார்கள்: எங்களோடு வராதவர்களுக்குக் கொள்ளையில் பங்கு எதற்கு? அவரவர் மனைவி மக்களை மட்டும் கூட்டிக்கொண்டு போகட்டும். தாவீது அதற்கு இணங்கவில்லை. போனவனுக்கும் பொருள்களைக் காத்து இருந்தவனுக்கும் சரிபங்கு என்று தீர்க்கிறான். நம் பழைய மொழிபெயர்ப்பு அந்தப் பொருள்களை 'ரஸ்துக்கள்' என்று சொல்லும். தாவீதின் தீர்ப்பு அந்நாள் முதல் இஸ்ரவேலில் பிரமாணமாகவே நிலைத்தது.

இந்தப் பகுதியை நான் ஊழியத்தில் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். தங்கியவர்களுக்கும் ஊழியம் இருந்தது, பொருள்களைக் காத்தார்கள், ஆகவே அவர்களும் உழைத்தவர்களே என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவேன். கேட்பதற்கு நன்றாக இருக்கும். சூடான் அணியைப் பற்றிப் படித்த பிறகு மறுபடியும் வாசித்தபோதுதான் என் பிரசங்கத்தில் இருந்த பிழை எனக்குத் தெரிந்தது. அந்த இருநூறு பேர் பொருள்களைக் காக்க வேண்டும் என்று தீர்மானித்துத் தங்கியவர்கள் அல்லர். அவர்களால் ஆற்றைக் கடக்க முடியவில்லை. அவ்வளவுதான். களைத்துப்போனார்கள். போகும் ஆசை அவர்களுக்கும் இருந்திருக்கும். அவர்களுடைய மனைவி மக்களும்தானே அக்கரைக்கு அப்பால் சிறைப்பட்டிருந்தார்கள்?

தாவீது ஏன் தங்கினீர்கள் என்று அவர்களைக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது முதலாவது அவர்களிடம் போய்ச் சுகம் விசாரித்தான் என்றே வேதம் சொல்லுகிறது. காரணம் கேட்டு, காரணம் நல்லதாயிருந்தால் பங்கு கொடுப்போம் என்று சொல்லவில்லை.

பிரியமானவர்களே, நாம் காரணம் கேட்கிறோம்.

ஊரில் தங்கிய ஒரு வாலிபனை நாம் மதிக்கவேண்டுமானால் அவன் ஏதாவது ஒரு தியாகம் செய்திருக்க வேண்டும். கப்பலில் கிடைத்த வேலையை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்துக்கொள்கிறான் என்றால் புகழுகிறோம். வளைகுடாவில் கிடைத்த சம்பளத்தை உதறிவிட்டு ஊழியத்துக்கு வந்தான் என்றால் மேடையில் நிறுத்துகிறோம். ஒரு காரணமும் இல்லாமல், விசா மறுக்கப்பட்டு, அல்லது தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைந்து, அல்லது முகவரிடம் கட்டப் பணமில்லாமல் இங்கேயே இருந்துவிட்டவனிடம் நாம் என்ன பேசுகிறோம்? "என்ன தம்பி, இன்னும் இங்கேதான் இருக்கிறாயா?" ஆலய வாசலில் இந்தக் கேள்வியை நான் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அன்போடு கேட்கப்படுகிற கேள்விதான். 'இங்கேதான்' என்ற அந்த ஒரு சொல்லில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று கேட்கிறவருக்குத் தெரிவதில்லை.

சூடானின் அந்த வீரர்களுக்கு ஐரோப்பியக் கிளப் ஒன்றிலிருந்து கடிதம் வந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் தங்கியிருப்பார்கள்? பெரும்பாலோர் போயிருப்பார்கள் என்பது என் எண்ணம். போயிருந்தால் குற்றமில்லை. அவர்களை வீட்டு வீரர்களாக்கியது தியாகம் அல்ல, வராத கடிதம். இருந்தும் அந்தச் சட்டையை அணிந்து இறங்கினார்கள். இறங்கியபோது முழு அணியாக இறங்கினார்கள். வேறெங்கோ இருக்கிற உண்மையான அணிக்குப் பதிலாக வந்தவர்கள் போல அவர்கள் ஆடவில்லை.

நான் வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில் எங்கள் கிரேக்க ஆசிரியர் மாற்கு 5ஆம் அதிகாரத்தில் ஒரு காரியத்தைச் சுட்டிக்காட்டினார். லேகியோன் பிசாசுகளிலிருந்து விடுதலையான மனிதன் படவில் ஏறப்போன இயேசுவிடம் தானும் கூட வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளுகிறான். அவருடன் இருக்கவேண்டும் என்ற அவனுடைய விண்ணப்பத்தைச் சொல்ல மாற்கு பயன்படுத்தும் கிரேக்கச் சொற்றொடர், 3ஆம் அதிகாரத்தில் பன்னிருவரையும் எதற்காக ஏற்படுத்தினார் என்று சொல்லும் அதே சொற்றொடர். சீஷர் பன்னிருவருக்கும் கொடுக்கப்பட்டது அவனுக்கு மறுக்கப்பட்டது. அந்த அதிகாரத்தில் பிசாசுகள் கேட்டது கிடைத்தது. பன்றிகளுக்குள் போக உத்தரவு பெற்றன. இயேசு அங்கிருந்து போய்விடவேண்டும் என்று ஊரார் கேட்டதும் கிடைத்தது. சுகமானவன் கேட்டது மட்டும் கிடைக்கவில்லை. உன் வீட்டாரிடத்திற்குப் போ என்றார். அன்று அந்த மனிதன் கரையில் நின்று படவு போவதைப் பார்த்திருப்பான் அல்லவா? அவன் அழுதானோ என்னவோ, மாற்கு சொல்லவில்லை. பின்பு தெக்கப்போலி நாட்டில் பேசத் தொடங்கினான் என்று மட்டும் சொல்லுகிறார்.

சூடானைப் பற்றி வாசித்தபோது இன்னொரு மனிதனும் நினைவுக்கு வந்தான். அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தின் எத்தியோப்பிய மந்திரி. இன்றைய எத்தியோப்பிய தேசத்தான் என்று நாம் நினைத்துக்கொள்ளுகிறோம். ஞாயிறு பள்ளியிலும் அப்படியே கற்பித்தோம். கந்தாகே என்பது ஒருத்தியின் பெயரன்று. மெரோவே நகரிலிருந்து ஆண்ட கூஷ் தேசத்து அரசிகளின் பட்டப்பெயர். மெரோவேயின் சிறு பிரமிடுகள் கார்டூமுக்கு வடகிழக்கே, இன்றைய சூடானில் நிற்கின்றன. பிலிப்புவும் எருசலேமின் சபையும் பின்னே நின்றுவிட, ஞானஸ்நானத்தின் ஈரத்தோடு அந்த மந்திரி வீட்டுக்குப் போன பாதை அங்கேதான் முடிந்தது.

நான் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டுக்குப் போனவர்களைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. நம் ஆலயத்தின் புதிய கூரையில் பாதிக்குமேல் அவர்கள் அனுப்பிய காணிக்கை. மணலிலும் பனியிலும் தனிமையிலும் அவர்கள் படும் பாட்டை இரவு நேரத் தொலைபேசிகளில் நான் கேட்கிறவன். ஆபிரகாம் போனான்; யோசேப்பு கொண்டுபோகப்பட்டான்; தானியேல் அந்நிய அரண்மனையில் கிழவனானான். போனவர்களுக்கு ஒரு குறையும் வேண்டாம். தாவீதும் நானூறு பேருடைய பங்கைக் குறைக்கவில்லை.

ஆனால் நம் கணக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்க விரும்பினேன். கடந்த மூன்று ஆண்டுகளின் மாதாந்தர ஸ்தோத்திர ஆராதனைக் குறிப்பேட்டை எடுத்து உட்கார்ந்தேன். நீங்கள் காணிக்கை உறையின்மேல் எழுதிக்கொடுக்கும் காரணங்களைக் கணக்கர் அதில் பதிந்து வைக்கிறார்; அவற்றைத்தான் நான் பீடத்தில் நின்று வாசிக்கிறேன். மகனுக்கு விசா கிடைத்ததற்காக. மகள் கனடா போய்ச் சேர்ந்ததற்காக. பேரனுக்குக் குடியுரிமை கிடைத்ததற்காக. பக்கத்துக்குப் பக்கம் அதுவே. இங்கே மின்வாரியத்தில் ஒப்பந்த வேலை கிடைத்ததற்காக ஒருவர். கடை திறந்ததற்காக இருவர். ஊரிலேயே இருப்பதற்காக என்று ஒருவர்கூட எழுதவில்லை என்றுதான் அந்தக் குறிப்பேட்டை வாசிக்கிற எவரும் நினைப்பார்.

ஒருவர் எழுதியிருந்தார். நான் வாசிக்கவில்லை, ஆகவே அது பதியப்படவில்லை.

அந்த வாலிபர்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்காக இந்தச் சபை இருமுறை உபவாசித்து ஜெபித்தது உங்களுக்கு நினைவிருக்கும். இருமுறையும் விசா மறுக்கப்பட்டது. அடுத்த மாத ஸ்தோத்திர ஆராதனையில் ஓர் உறை வந்தது. உள்ளே இருநூறு ரூபாய். மேலே அவருடைய பெயர். காரணம் என்ற இடத்தில் 'இங்கே இருப்பதற்காக' என்று இரண்டே சொற்கள். பீடத்தில் நின்று அதைக் கையில் எடுத்தவுடன், கர்த்தர்மேலும் சபையின்மேலும் கோபங்கொண்டு குத்தலாக எழுதியிருக்கிறார் என்று தீர்மானித்தேன். ஆராதனையில் அதை வாசித்தால் சங்கடமாகும் என்று அடியில் வைத்துவிட்டு அடுத்த உறையை எடுத்தேன். மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். பணம் காணிக்கைப் பெட்டிக்குப் போயிற்று. உறை என் வேதாகமத்துக்குள் தங்கிவிட்டது.

அவரிடம் அதைப்பற்றி நான் பேசவேயில்லை. அவரும் கேட்கவில்லை. சில மாதங்களில் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளோடு அவரைப் பார்க்கத் தொடங்கினோம். நல்ல காரியம் என்று பாராட்டினேன். அவ்வளவோடு விட்டேன்.

சூடான் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வந்த அந்த மாலையில், அவர் எழுந்து போகும்போதுதான் எனக்குத் துணிவு வந்தது. "தம்பி, அன்றைக்கு அந்த உறையில் எழுதியது..." என்று தொடங்கினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எவ்வளவு நாள் காத்திருந்தாரோ.

"கோபத்தோடு எழுதினீர்களா?" என்று கேட்டேன்.

"பாதி வருத்தம், ஐயா. பாதி நன்றி. எழுதும்போது இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. நீங்கள் வாசித்தால் எனக்கே தெளிவாகும் என்று நினைத்தேன்" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்து, சூடானின் அரையிறுதியைக் கட்டாயம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு மிதிவண்டியை எடுத்தார். பார்த்தேன். தோற்றார்கள் என்று முன்னமே எழுதியிருக்கிறேன்.

நம் சபைக் கமிட்டியிடம் நான் ஒரு காரியத்தை வைத்திருக்கிறேன். சிலர் சம்மதிக்கவில்லை, அவர்கள் சொல்லும் நியாயத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்தோத்திர ஆராதனையில் பயணம் போகிறவர்களை முன்னே அழைத்து ஜெபிக்கிற அதே ஜெபத்தை, அந்த ஆண்டில் போக விரும்பிப் போகாமற்போனவர்களுக்கும் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். "தோல்வியை எதற்குச் சபையில் காட்ட வேண்டும்?" என்று ஒரு மூப்பர் கேட்டார். அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. அவர்கள் விரும்பினால் மட்டுமே அழைப்போம். விரும்பாதவர்களை ஒருவரும் தேடிப் பிடிக்கமாட்டோம். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் பேசுவோம்.

கமிட்டியின் முடிவுக்குக் காத்திராமல் நான் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்த வாலிபரிடம் அனுமதி பெற்றுவிட்டேன். வருகிற கடைசி ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனையில் முதல் உறையாக, ஓரம் பழுப்பேறிப்போன அந்த உறையை, அதன்மேல் எழுதியிருக்கிறபடியே வாசிப்பேன். அன்று சூடானின் சபைகளுக்காகவும் தனியே ஜெபிப்போம். ஆராதனை காலை எட்டரை மணிக்கு.